600 அலகுப் பெட்டிக்குள் தடித்த சாய்வெழுத்து

சம அகல எழுத்துருவில் முற்றுப்புள்ளிக்கும் 'டபிள்யூ'வுக்கும் ஒரே அகலம். கூரியர் எழுத்துருவில் எழுத்தளவை 1000 அலகாகப் பிரித்தால் அது 600 அலகு. தடிமனைக் கூட்டினாலும் சாய்த்தாலும் அந்தப் பெட்டி ஒரு அலகுகூட விரியாது. தொல்லை எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. சாதா வடிவத்திலிருந்து தடித்த சாய்வெழுத்தை உருவாக்குவதுதான் இங்கே வேலை. சாதா வடிவத்தை வரைந்து முடித்து, எழுத்துரு வரையும் மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். (இது ரோமன் எழுத்துக்கான வழி; கீழே வரும் 'ஐ', 'ஈ', 'ஏ', 'ஓ' எல்லாம் ஆங்கில எழுத்துகளே. தமிழ் 'ஔ'வை இப்படி ஒரு பெட்டிக்குள் அடைப்பது தனிக்கதை.)

படி 1: முதலில் தடிமன்

கூரியரின் சாதா வடிவத்தில் தண்டு (எழுத்தின் நிமிர்ந்த கோடு) 51 அலகு, தடித்ததில் 106. சிறிய 'எம்'முக்கு மூன்று தண்டு. கறுப்புக்கே 318 போய்விடும். மிச்சம் 282க்குள் இரண்டு உள்வெளிகளும் இருபக்க ஓரங்களும் அடங்க வேண்டும். ஆகவே 'எம்'முக்கு மட்டும் தண்டை 85-90க்கு இறக்குங்கள். நடுக்காலை அடிக்கோடுவரை இழுக்காமல் பாதியில் நிறுத்தினால் உள்ளே வெளிச்சம் வரும். 'ஐ', 'எல்' இரண்டும் நேர்மாறு: அடியில் அகலமான கட்டை கொடுத்தால்தான் பெட்டி நிறையும். 'சேஞ்ச் வெயிட்' கட்டளையை நம்பி விட்டுவிடாதீர்கள். எல்லாத் தண்டையும் ஒரே அளவில் ஊதி, 'ஈ', 'ஏ' உட்குழிகளை அடைத்துவிடும்.

படி 2: சாய்ப்பது

'டிரான்ஸ்ஃபார்ம்' பெட்டியில் 'ஸ்கியூ' 10 பாகை, வலப்பக்கமாக. அடிக்கோடு அசையாமல் மேல்பகுதி மட்டும் சாய்வதால் எழுத்து வலப்புறம் ஒதுங்கிவிடும். எவ்வளவு? சிறிய 'எக்ஸ்'ஸின் உயரம் 520 என்றால் பாதி 260. 10 பாகைக்கு டான் மதிப்பு 0.176, பெருக்கினால் 46. எல்லா எழுத்தையும் 46 அலகு இடப்பக்கம் நகர்த்துங்கள். அப்போது 'டிரான்ஸ்ஃபார்ம் விட்த் டூ' டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லையேல் அகலம் 554 ஆகிவிடும். கட்டம் போடும் குறிகளைச் சாய்க்கவே கூடாது. சாய்த்தால் டெர்மினலில் கோடுகள் ஒன்றோடொன்று சேராது.

படி 3: கைத்திருத்தம்

சாய்த்த 'ஓ'வை உற்றுப் பாருங்கள். வலது மேலும் இடது கீழும் 9 சதவீதம் பருத்திருக்கும், எதிர்மூலைகள் அதே அளவு மெலிந்திருக்கும். 106 தண்டு ஓரிடத்தில் 116, இன்னோரிடத்தில் 97. வளைவெழுத்துகளில் இதை ஒவ்வொன்றாகத்தான் சமப்படுத்த வேண்டும். அலுப்பான வேலை, ஆனால் இதை விட்டால் வெறும் சாய்த்த எழுத்தாகவே தெரியும்.

படி 4: பெயரும் அடையாளமும்

'ஃபான்ட் இன்ஃபோ'வில் சாய்வுக் கோணம் -10 (கழித்தல் குறி முக்கியம்), எடை 700, 'ஸ்டைல் மேப்' போல்டு இட்டாலிக், பனோஸில் (எழுத்துருவை வகைப்படுத்தும் குறியீடு) 'மோனோஸ்பேஸ்டு', அதாவது சம அகலம். சாதா, தடித்தது, சாய்வு, தடித்த சாய்வு என்ற நான்கு வடிவங்களுக்கும் குடும்பப் பெயர் ஒன்றே. இது பிசகினால் மென்பொருள் உங்கள் கோப்பைச் சீண்டாமல், சாதா வடிவத்தைத் தானே சாய்த்து ஊதிக் காட்டும்.

சோதனைக்கு நிரல் எடிட்டரில் ஒரு வரியில் 80 'எம்', அடுத்த வரியில் 80 'ஐ' அடியுங்கள். இரு வரிகளும் ஒரே இடத்தில் முடிந்தால் அகலம் சரி. எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்து 'எம்' கறைபோல் தெரிந்தால் படி 1க்குத் திரும்புங்கள். நிரலில் எச்சரிக்கைக் குறிப்பு, முக்கியச் சொல் போன்ற ஓரிரு சொற்களுக்கு இந்த வடிவம் பொருந்தும்; பத்தி முழுக்கப் போட்டால் கண் வலிக்கும்.