பிடிச்ச பாடகரை கொன்சேர்ட்ல நேர சந்திக்கப் போறீங்களா, போக முதல் இதை வாசிங்க

இரவு பதினொண்டரை தாண்டிட்டுது, கொழும்பு 7ல ஒரு ஹோலுக்குப் பின்பக்கம், அப்பாட பழைய கசெட்டை கையில வச்சுக்கொண்டு லைன்ல நிக்கிறன். அந்தக் கசெட் அப்பா எண்பதுகள்ல வெள்ளவத்தையில ஒரு ரெக்கோடிங் பார்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுத்து பதிஞ்செடுத்தது, உள்ள இருக்கிற மட்டையில பாட்டுப் பேரெல்லாம் அவர் தன்ர கையால எழுதி வச்சிருக்கிறார். அப்பா இப்ப இல்ல. அவர்ட எழுத்துக்குக் கீழ பாடகர்ட கையெழுத்தும் இருந்தா எப்படி இருக்கும் எண்டு ஒரு மாசமா யோசிச்சு, சம்பளத்தில மிச்சம் பிடிச்சு, மீட் அண்ட் கிரீட் டிக்கட் எடுத்தன். என்ர முறை வந்துது. அவர் என்னைப் பார்க்கேல்ல, பக்கத்தில நிண்ட மெனேஜரைப் பார்த்து "இன்னும் எத்தனை பேர்?" எண்டு கேட்டார், ஃபிளாஷ் அடிச்சுது, கசெட்டை நீட்ட முதல் ஒருத்தர் என்ர தோளைப் பிடிச்சு தள்ளி விட்டுட்டார், முடிஞ்சுது. சின்ன வயசில இருந்து கேட்ட குரல் எனக்குப் பக்கத்தில நிண்டு பேசின ஒரே வசனம் அதுதான், அதுவும் என்னோட பேசினதில்ல.

ஒரு மாசத்துக்கு மேல அவர்ட பாட்டு ஒண்டும் என்னால கேட்க முடியேல்ல. பிறகு சவுண்ட் வேலைக்குப் போற என்ர மச்சானோட இருந்து நிறையக் கதைச்சன், அவன் சொன்னதும் நான் அனுபவிச்சதும் சேர்த்துத்தான் இதை எழுதுறன், உங்களுக்கு அப்படி நடக்கக் கூடாது எண்டு மனசார நினைச்சு எழுதுறன்.

முதல்ல டிக்கட். மீட் அண்ட் கிரீட் எண்டு போட்டிருந்தா உடனே காசைக் கட்டாதீங்க, ஒகனைசருக்கு வட்ஸ்அப்பில எழுத்தில கேளுங்க, எழுத்திலதான், கோல் எடுத்து கேட்டா பிறகு கையில ஒண்டும் இருக்காது. தனி போட்டோவா குரூப் போட்டோவா, நிகழ்ச்சிக்கு முதலா பிறகா, எங்கட ஃபோன்ல எடுக்கலாமா அவங்கட கமராக்காரர் மட்டுமா, கையெழுத்து வாங்கலாமா, ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம். நான் கடைசிக் கேள்வியைக் கேட்கேல்ல. "பாடகரை சந்திக்கலாம்" எண்டு போஸ்டர்ல இருந்ததை நான் இருந்து கதைக்கிறது எண்டு விளங்கிக்கொண்டன், அவையைப் பொறுத்தவரை அது லைன்ல வந்து போட்டோ எடுத்திட்டுப் போறது. முதலா பிறகா எண்டு தெரிவு இருந்தா முதல் உள்ளதையே எடுங்க. பின்னேரம் சவுண்ட் செக் முடிஞ்சு மேடை ஏற முதல் கொஞ்ச நேரம் இருக்கும், அந்த நேரம் ஆள் குளிச்சு சாப்பிட்டு தெம்பா இருப்பார். சில பேர் பாட முதல் வாயே திறக்க மாட்டினம், அதையும் கேட்டு வைக்கிறது நல்லம்.

நிகழ்ச்சி முடிஞ்ச பிறகு ஒரு பாடகர் என்ன நிலையில நிக்கிறார் எண்டு மச்சான் சொல்லும் வரைக்கும் எனக்கு உண்மையாவே தெரியாது. ரெண்டு மூண்டு மணித்தியாலம் பாடினா குரல் நாண் வீங்கிப் போயிருக்கும், அந்த நேரம் சத்தத்துக்கு மேலால கதைக்கிறதுதான் குரலுக்கு ஆகக் கூடாத விசயம், அதால பேசாம தலையை மட்டும் ஆட்டுவினம். காதிலயும் ஒரு கதை இருக்கு. மேடையில காதுக்குள்ள இறுக்கமா மொனிட்டர், அதாவது தன்ர குரலும் இசையும் கேட்கிற சின்ன இயர்ஃபோன், போட்டுக்கொண்டு பாடுறவை, அது வெளிச்சத்தத்தை மறைச்சுப் போடும், நீங்க முன் வரிசையில இருந்து பேர் சொல்லிக் கத்தினது அவருக்கு கேட்டே இருக்காது. 100 டெசிபல் சத்தத்தில 15 நிமிசத்துக்கு மேல நிக்கிறதே காதுக்கு கூடாது எண்டு சொல்றது, கொன்சேர்ட்ல அவ்வளவு சத்தம் சாதாரணம், ஆக முடிஞ்சு வெளிய வரேக்க உங்கட காதும் இரையும் அவர்ட காதும் இரையும். ரெண்டு பேருக்கும் பாதி கேட்காது. நீங்க உருகி உருகி சொன்ன வசனத்துக்கு அவர் "தாங்ஸ்" எண்டு எங்கயோ பார்த்து சொன்னா, அதுக்கு அர்த்தம் கேட்கேல்ல எண்டதாவும் இருக்கலாம்.

இன்னொண்டு, சென்னைக்கும் கொழும்புக்கும் ஃபிளைட் ஒண்டேகால் மணித்தியாலம் மட்டில, கட்டுநாயக்க எயார்போட்டுக்கு 2013ல திறந்த ஹைவேயில இரவில கெதியா போயிடலாம், அதால சென்னையில இருந்து பாட வாற நிறைய ஆக்களுக்கு நிகழ்ச்சி முடிஞ்ச கையோட விடியக்காலமை ஃபிளைட் போட்டிருக்கும், அடுத்த நாள் அங்க ரெக்கோடிங் இருக்கும். "இன்னும் எத்தனை பேர்" எண்ட கேள்விக்குப் பின்னால ஒரு மணிக்கூடு ஓடிக்கொண்டு இருந்திருக்கும் எண்டு இப்ப எனக்கு விளங்குது. விளங்குது எண்டதால நோகேல்ல எண்டு இல்ல.

அடுத்தது என்ன சொல்றது. உங்களுக்குக் கிடைக்கப் போறது பத்து செக்கன் எண்டு வச்சு தயார் பண்ணுங்க. ஒரு வசனம், ஒண்டே ஒண்டு. "சேர் நான் உங்கட பெரிய ஃபேன்" எண்டு சொல்லாதீங்க, அதை அண்டைக்கு எல்லாரும் சொல்லியிருப்பினம், அவர்ட காது அதைப் பிடிக்காது. ஒரு பாட்டில ஒரு இடத்தைச் சொல்லுங்க, ரெண்டாவது சரணத்தில மூச்சு விடாம இழுக்கிற அந்த இடம், அல்லது பல்லவி திரும்ப வரேக்க ஒரு சின்ன சங்கதி மாத்திப் பாடினது. தான் கஷ்டப்பட்டு செய்த ஒண்டை ஒருத்தர் கவனிச்சிருக்கிறார் எண்டா எவ்வளவு களைச்ச கலைஞரும் ஒருக்கா நிமிர்ந்து பார்ப்பார் எண்டு மச்சான் சொல்றான், அவன் மேடைக்குப் பக்கத்தில நிண்டு கன தரம் பார்த்திருக்கிறான். முன்னுக்கு நேர நிண்டு, முகத்தைப் பார்த்து, கத்தாம நிதானமா சொல்லுங்க. வீட்டில கண்ணாடிக்கு முன்னால சொல்லிப் பாருங்க, வெக்கப்படாதீங்க, அந்த இடத்தில நாக்கு ஒட்டும். பாடிக் காட்டச் சொல்லிக் கேட்காதீங்க, நீங்களும் பாடிக் காட்டாதீங்க. அரசியல் கேள்வி, குடும்பக் கேள்வி, "ஏன் இப்பவெல்லாம் நல்ல பாட்டு வாறேல்ல" எண்ட கேள்வி எல்லாத்தையும் வீட்டிலயே விட்டிட்டு வாங்க.

கையெழுத்துக்கு ஏதும் கொண்டு போறதெண்டா முதலே திறந்து வச்சிருங்க. என்ர கசெட் பெட்டிக்குள்ள இருந்துது, அதைத் திறந்து மட்டையை எடுக்கிறதுக்கே நேரம் போயிருக்கும். மட்டையை மட்டும் வெளிய எடுத்து, பின்னால கெட்டியான ஏதும் வச்சு, மார்க்கரின்ர மூடியைக் கழட்டி நீட்டுங்க. மினுங்கிற அட்டைக்கு போல்பொயின்ட் பிடிக்காது, பெர்மனன்ட் மார்க்கர்தான் வேணும், கறுப்பு அட்டை எண்டா சில்வர் மார்க்கர், காயும் வரைக்கும் விரல் படக் கூடாது, கொழும்பு வெக்கையில வேர்த்த கையோட தொட்டா இழுபட்டுப் போயிடும். ஒரு பொருள் மட்டும் நீட்டுங்க, நாலஞ்சு நீட்டினா விக்கிறதுக்கு வாங்குறாராக்கும் எண்டு நினைப்பினம். அப்பா அம்மா ஞாபகமா இருக்கிற ஒரே ஒரு பொருளை கொண்டு போகவே வேண்டாம் எண்டுதான் நான் இப்ப சொல்லுவன், கொப்பி ஒண்டு அடிச்சு அதில வாங்குங்க. அந்தத் தள்ளுப்பாட்டில பெட்டி திறந்து மட்டை மடிஞ்சு போச்சு, அந்த மடிப்பு இப்பவும் இருக்கு.

செக்கியூரிட்டி ஆக்களோட சண்டை பிடிக்காதீங்க. 2024 பெப்ரவரில யாழ்ப்பாணம் முற்றவெளியில ஹரிஹரன் நிகழ்ச்சில சனம் தடுப்பை உடைச்சுக்கொண்டு உள்ளுக்கு வந்து நிகழ்ச்சி இடையில நிண்டதை எல்லாரும் பார்த்தம்தானே, அப்படி ஒண்டு நடந்தா கதவடியில நிக்கிறவைக்குத்தான் பேச்சு விழும். சிங்களத்தில ரெண்டு வார்த்தை மரியாதையா கதைச்சா எவ்வளவு நேரத்தில வெளிய வருவார் எண்டாவது சொல்லுவினம். பாடகர் ஏறிப் போற வானுக்குப் பின்னால மட்டும் ஓட வேண்டாம், இருட்டில ரிவேர்ஸ் எடுக்கிற வானுக்கு உங்களைத் தெரியாது.

வாத்தியக்காரரை மறந்திடாதீங்க, இதை நான் பெரிசா சொல்லுவன். தபலா, புல்லாங்குழல், கீபோட் வாசிச்ச ஆக்கள் மேடைக்குப் பின்னால சாமான் கட்டிக்கொண்டு நிப்பினம், ஒருத்தரும் கிட்டப் போறேல்ல, அதில எங்கட கொழும்பு ஆக்களும் இருப்பினம். போய் கதைச்சுப் பாருங்க, அந்தப் பாட்டைப் பற்றி பாடகரை விட கூட சொல்லுவினம்.

சரி, எல்லாம் செய்தும் சரி வரேல்ல எண்டா.

முதல்ல ரெண்டு விசயத்தைப் பிரிச்சுப் பாருங்க. டிக்கட்டில சொன்னதைத் தரேல்ல எண்டா அது காசுப் பிரச்சினை, டிக்கட், ரிசீட், அந்த வட்ஸ்அப் எல்லாத்தையும் சேர்த்து ஒகனைசருக்கு எழுதுங்க, பதில் இல்லாட்டி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977க்கு எடுத்து சொல்லலாம். ஆள் குளிரா நடந்துகொண்டார் எண்டா அது மனசுப் பிரச்சினை, அதுக்கு ரீஃபண்ட் கேட்டு பிரயோசனமில்ல. மூண்டாவது ஒண்டும் இருக்கு. ஒருத்தர், பாடகரோ மெனேஜரோ ஆரா இருந்தாலும், கூடாத விதமா தொட்டா அல்லது கேவலமா கதைச்சா அதை ஏமாற்றம் எண்டு பேர் வச்சு விழுங்காதீங்க, பொலிசுக்கு 119, பெண்கள் எண்டா 1938க்கும் எடுக்கலாம், எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் எடுங்க.

மனசுப் பிரச்சினைக்கு நான் செய்ததில சரியா வந்ததைச் சொல்றன். அண்டைக்கு இரவு ஒண்டும் போஸ்ட் பண்ணாதீங்க. நான் த்ரீவீலுக்குள்ள இருந்து நீளமா டைப் பண்ணி, காலி வீதில வரேக்க அழிச்சன், அழிச்சது நல்லம் எண்டு இப்பவும் நினைக்கிறன். வீட்டுக்குப் போற வழியை முதலே ஒழுங்கு பண்ணி வச்சிருங்க, பஸ் இல்லாத நேரம் ரோட்டில தனிய நிண்டு அழுறது பெரிய கொடுமை. கூட வந்த ஆளுக்கு "அவர் களைச்சிருப்பார் பாவம்" எண்டு உடனே சொல்ல வேண்டாம் எண்டு சொல்லி வைங்க, அந்த நேரம் அது ஆறுதலா இருக்காது, பக்கத்தில இருந்து ஒரு பிளேன்டீ வாங்கித் தந்தா போதும்.

அதோட, இவ்வளவு நோகுதே எனக்கென்ன விசரா எண்டு உங்களை நீங்களே பேசாதீங்க. இலங்கை வானொலியோட வளர்ந்த வீடுகள்ல முகம் வர முதல் குரல்தான் உள்ளுக்கு வந்தது, கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும் பேர் சொல்லி அறிமுகப்படுத்தின குரலெல்லாம் எங்கட அம்மா அப்பாவுக்கு வீட்டு ஆக்கள் மாதிரி, அது எங்களுக்கும் ஒட்டிட்டுது. 1956லயே டொனால்ட் ஹோர்ட்டன், ரிச்சர்ட் வோல் எண்டு ரெண்டு ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதியிருக்கினம், ரேடியோவிலயும் டீவிலயும் வாற ஆளோட எங்களுக்கு நெருக்கமான பழக்கம் வந்திடும், அங்கால நிக்கிறவருக்கு நாங்க ஆர் எண்டே தெரியாது. எங்கட பக்கத்தில இருக்கிற அன்பு பொய்யில்ல, அவர் அதை அறியாதவர், அவ்வளவுதான்.

பாட்டுக்கு கொஞ்ச நாள் லீவு விடுங்க. வேற ஆள்ட பாட்டு கேளுங்க, வாத்திய இசை கேளுங்க. திரும்ப அவர்ட பாட்டுக்கு வரேக்க உங்களுக்கு ஆகப் பிடிச்சதில தொடங்க வேண்டாம், அது தாங்காது. நான் அந்தக் கசெட்டின்ர பி பக்கத்தில கடைசிப் பாட்டில தொடங்கினன், சின்னனில இருந்தே பெரிசா கவனிக்காத பாட்டு அது. பாடிக்கொண்டிருக்கேக்க மடிஞ்ச மட்டையை எடுத்துப் பார்த்தன், அந்தப் பாட்டின்ர பேரை அப்பா பிழையா எழுதி, வெட்டி, பக்கத்தில திரும்ப எழுதியிருக்கிறார், இவ்வளவு வருசத்தில அதை நான் கண்டதே இல்ல.