பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு: வன்னிப் பெற்றோரும் பாதுகாவலரும் அறிந்திருக்க வேண்டியவை

பிள்ளையின் பெயரில் வங்கியில் இடும் பணம் அன்றிலிருந்தே பிள்ளைக்குச் சொந்தமாகிவிடுகிறது. படிவத்தில் கையொப்பமிடும் தாயோ தகப்பனோ அதைக் காத்துக் கொடுப்பவர் மட்டுமே. இலங்கையில் முன்னர் 21ஆக இருந்த பராய வயதை, அதாவது ஒருவர் சட்டப்படி வளர்ந்தவராகக் கருதப்படும் வயதை, 1989ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் 18ஆகக் குறைத்தது. அந்த வயது நிறையும்வரை சிறுவர் சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் மீளப்பெற வங்கிகள் பொதுவாக விடுவதில்லை. சத்திரசிகிச்சை, கல்வி போன்ற தேவைகளுக்கு ஆதாரங்களோடு எழுத்தில் விண்ணப்பித்தால் சில வங்கிகள் பரிசீலிக்கும். ஆகவே அடுத்த போகத்துக்கு விதைநெல்லும் பசளையும் வாங்க வைத்திருக்கும் காசை இந்தக் கணக்கில் போட வேண்டாம்.

கணக்குத் திறக்கப் பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் பாதுகாவலரின் தேசிய அடையாள அட்டையும் வதிவிடச் சான்றும் தேவை. 2009இல் போரின்போது ஆவணங்களைத் தொலைத்துவிட்டுப் பின்னர் பிரதி எடுத்த குடும்பங்கள், பிள்ளையின் பெயரும் பிறந்த திகதியும் எல்லாப் பத்திரங்களிலும் ஒன்றுபோல இருக்கின்றனவா என்பதை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பது மிக அவசியம். ஓர் எழுத்து மாறியிருந்தாலும், பதினெட்டு வயதில் பணம் எடுக்கப் போகும் பிள்ளைதான் அலைய நேரிடும்.

மிகுந்த கவனம் வேண்டியது பாதுகாவலர் விடயத்தில்தான். புதுக்குடியிருப்புப் பக்கத்து அம்மம்மா ஒருவர், பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த பேரனின் வங்கிப் புத்தகத்தை என் முன்னே விரித்தபோது, அதில் பாதுகாவலராக இருந்தது வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய்விட்ட தாயின் பெயர். பிள்ளையை வளர்ப்பவர் அம்மம்மாவாக இருந்தும் அந்தக் கணக்கில் அவருடைய கையொப்பம் செல்லுபடியாகவில்லை. பொதுச் சட்டப்படி தகப்பனும், அவர் இறந்தபின் தாயும் இயற்கைப் பாதுகாவலர்கள்; அம்மம்மாவோ சித்தியோ பிள்ளையின் சொத்தைப் பொறுப்பேற்பதாயின், குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் அதற்கான சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். காப்புறுதிப் பணம், இழப்பீடு போன்ற பெருந்தொகை பிள்ளைக்கு வரும்போது இதைத் தள்ளிப்போடக் கூடாது. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளிநொச்சி அல்லது வவுனியா நிலையத்தை நாடலாம்.

தகப்பன் காணாமலாக்கப்பட்ட வீடுகளில், மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத தாய்மார் எத்தனையோ பேர். மரணப் பதிவு பற்றிய 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்துக்கு 2016இல் வந்த திருத்தம், இறந்ததாகப் பதியாமலே காணாமற்போனமையை உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற வழிசெய்தது. தகப்பனின் கையொப்பம் ஏன் இல்லை என்று வங்கியிலோ நீதிமன்றத்திலோ கேட்கப்படும்போது காட்டுவதற்கு அது ஓர் அரச ஆவணம். அதற்காகக் கணவர் இறந்துவிட்டார் என்று எந்தத் தாயும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

பிள்ளைக்கு 15 வயதானதும் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். 18 நிறைந்ததும் அந்த அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், வங்கிப் புத்தகம் மூன்றோடும் பிள்ளையே நேரில் சென்று, தன் கையொப்ப மாதிரியைக் கொடுத்துக் கணக்கைத் தன் பொறுப்பில் எடுக்க வேண்டும்.