லாங் எக்ஸ்போஷர் கடல் படங்கள்: நம் கரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேமராவின் ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்து எடுப்பதுதான் லாங் எக்ஸ்போஷர். அதற்காக வெளிச்சத்தை நன்றாகக் குறைக்கும் பத்து ஸ்டாப் ஃபில்டரோடு, கன்னியாகுமரி மாவட்டத்தின் முட்டத்துப் பாறைகளுக்கு முதன்முதலில் போன மாலையில் இருபது படங்கள் எடுத்தேன். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் இருபதும் ஒன்று போலவே இருந்தன. பால் ஊற்றியது போல் தண்ணீர், நடுவில் கறுப்பாகப் பாறை. அன்றைக்கு அங்கே ஆளுயர அலை அடித்தது. பாறை இடுக்கில் ஏறிய நுரை, ஓடை ஓடையாக வழிந்து திரும்பியது. அதில் ஒரு கோடுகூடப் படத்தில் இல்லை. எந்த ஊர்க் கடல் என்றுகூடச் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு பல வருடங்கள் நம் கரைகளில் சுற்றிவிட்டேன். கூட வந்த நண்பர்கள் செய்த தவறுகளையும் பார்த்திருக்கிறேன். வேர் பெரும்பாலும் ஒன்றுதான்: கேமராத் திரையைப் பார்க்கும் அளவுக்கு நாம் கடலைப் பார்ப்பதில்லை. இன்னொன்றும் உண்டு. நாம் இந்தக் கலையை ஸ்காட்லாந்திலும் நார்வேயிலும் எடுத்த வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறோம். அங்குள்ள ஓதம், அதாவது கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கம் வேறு, அந்தி வேறு, காற்றின் ஈரமும் வேறு. அந்தக் கணக்கை அப்படியே கொண்டுவந்து திருச்செந்தூரில் போட்டால் பொருந்தாது.

நேரம் கூடினால் அழகும் கூடும் என்று நம்புவது

புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்யும் தவறு இது. படத்தைக் கெடுப்பதிலும் இதற்குத்தான் முதலிடம். ஷட்டர் எத்தனை நேரம் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்துக் கடலின் குணமே மாறுகிறது. கால் விநாடியிலிருந்து ஒரு விநாடி வரை திறந்தால், திரும்பி ஓடும் தண்ணீர் நூல் நூலாகப் பதியும், அலையின் உருவமும் தெரியும். இரண்டிலிருந்து நான்கு விநாடிக்குள் நுரை நீண்ட வெள்ளைக் கோடுகளாகிவிடும். பத்து விநாடியைத் தாண்டினால் அலை மறைந்து, பாறைகளைச் சுற்றி மூட்டம் தங்கும். அரை நிமிடத்துக்கு மேல் தண்ணீர் சமதளமாகிவிடும். நிமிடக் கணக்கில் போனால் மாறுவது மேகம்தான், கடலில் புதிதாக எதுவும் நடக்காது.

ஆகவே கரைக்குப் போனதும் முதல் கேள்வி, இந்த இடத்தில் எதைக் காட்ட வேண்டும் என்பதுதான். தனுஷ்கோடியில் இதைக் கண்ணாலேயே புரிந்துகொள்ளலாம். நிலத்தின் ஒரு பக்கம் வங்கக் கடல், அமைதியானது, ஊரார் அதைப் பெண் கடல் என்பார்கள். இந்தியப் பெருங்கடல் என்று அவர்கள் சொல்லும் மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண் கடல், சீற்றமானது. பெண் கடலில் ஒரு நிமிடம் வைத்தால் வானம் தரையில் விரித்தது போல் அருமையாக வரும். அதே ஒரு நிமிடத்தை ஆண் கடலில் வைத்தால் அந்தக் கடலின் சீற்றத்தையே அழித்துவிடுகிறோம். அங்கே அரை விநாடி போதும்.

ஷட்டரை அழுத்தும் தருணமும் முக்கியம். அலை உடையும்போது அழுத்தினால் வெள்ளைத் திட்டு ஒன்றுதான் கிடைக்கும். அது கரையேறி, ஒரு கணம் நின்று, திரும்பத் தொடங்கும்போது அழுத்துங்கள். கோடுகள் அப்போதுதான் பிறக்கும், அதுவும் கடலை நோக்கி இழுக்கும் கோடுகள். படம் பார்ப்பவரின் கண் தானாகவே அந்தக் கோடுகளில் ஏறி அடிவானத்துக்குப் போய்விடும்.

முதல் ஃபில்டராகவே பத்து ஸ்டாப்பை வாங்குவது

என்டி ஃபில்டர் என்பது லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கறுப்புக் கண்ணாடி. ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாகக் குறைக்கும், அதாவது நேரத்தை இரட்டிப்பாக்கும். மூன்று ஸ்டாப் என்றால் 8 மடங்கு, ஆறு ஸ்டாப் என்றால் 64 மடங்கு, பத்து ஸ்டாப் என்றால் ஏறக்குறைய 1000 மடங்கு. ஃபில்டர் இல்லாமல் 1/30 விநாடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு ஸ்டாப் மாட்டினால் இரண்டு விநாடி. பத்து ஸ்டாப் மாட்டினால் 34 விநாடி. மேலே சொன்ன நுரைக் கோடுகள் இரண்டு விநாடியில்தான் இருக்கின்றன. அதனால் ஒன்றே ஒன்று வாங்கும் காசுதான் இருக்கிறது என்றால் ஆறு ஸ்டாப்பை, அதாவது என்டி 64-ஐ வாங்குங்கள் என்பேன். பத்து ஸ்டாப் நண்பகல் வெயிலுக்கும் மேகம் ஓடும் வானத்துக்கும் உதவும். அது இரண்டாவதாக வரட்டும்.

விலை மலிந்த ஃபில்டர்களில் நீலமோ செம்பழுப்போ ஏறிவிடும். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) கோப்பாக எடுத்தால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம், ஜேபெக் மட்டும் எடுத்தால் சிரமம். இரண்டு மூன்று ஃபில்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகுவதையும் தவிர்க்கலாம். அகலக்கோண லென்ஸில் நான்கு மூலையும் இருண்டுவிடும்.

அப்புறம், விடியலுக்கு முன்னால் ஃபில்டரே தேவையில்லை. சூரியன் எழ இருபது நிமிடம் இருக்கும்போது ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, அபர்ச்சர் (லென்ஸின் துளை) எஃப் 11 வைத்தாலே 8 முதல் 15 விநாடி வரை தானாக வரும்.

அந்தி நமக்காகக் காத்திருக்கும் என்று நினைப்பது

வடக்கே தொலைவிலுள்ள நாடுகளில் சூரியன் சாய்ந்து சாய்ந்து இறங்கும், அந்த நீல வெளிச்சம் நெடுநேரம் நிற்கும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். இங்கே சூரியன் ஏறக்குறைய நேராக மேலே வரும், நேராகக் கீழே இறங்கும். கன்னியாகுமரியிலிருந்து சென்னை வரை, அடிவானத்துக்குக் கீழே ஆறு பாகையிலிருந்து சூரியன் மேலே வர 22 நிமிடத்தை ஒட்டித்தான் ஆகும். அதற்குள் வெளிச்சம் நூறு மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது. சராசரியாக மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று கொள்ளலாம்.

இதிலிருந்து இரண்டு தவறுகள் பிறக்கின்றன. விடிந்தபிறகு கரைக்குப் போய் இடம் தேடுவது ஒன்று. முந்தைய நாள் மாலையே போய்ப் பாறையையும் கோணத்தையும் முடிவு செய்துவிட வேண்டும். நேரக் கணக்கை ஒருமுறை போட்டுவிட்டு அதையே பிடித்துக்கொண்டிருப்பது மற்றது. விடியலில் நான்கு நிமிடம் திறந்து வைத்தால், மூடுவதற்குள் வெளிச்சம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருக்கும், வானம் வெளுத்துவிடும். காலையில் கணக்கைவிடக் குறைத்து வையுங்கள். மாலையில் வெளிச்சம் குறைந்துகொண்டே போவதால் கூட்டி வையுங்கள்.

கடலுக்கு முதுகைக் காட்டுவது

மற்ற தவறுகளில் போவது படம். இதில் உயிரே போகும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வெளிநாட்டு வீடியோக்களில் ஓத அட்டவணையைப் பார் என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள். பிரிட்டனின் சில கரைகளில் கடல் மட்டம் பத்து மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும், அவர்களுக்கு அது அவசியம். நம் சென்னைக் கரையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். இதைத் தெரிந்துகொண்ட சிலர் நம் கடல் சாது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இங்கே ஆபத்து வரும் வழி வேறு.

தென் தமிழகக் கரையிலும் கேரளத்திலும் கள்ளக்கடல் என்று ஒரு சொல் உண்டு. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ புயல் அடிக்கும். அங்கே கிளம்பிய பெரிய அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, சில நாள் கழித்து நம் கரைக்கு வந்து சேரும். இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் தெளிவாக இருக்கும். கள்ளனைப் போலக் கடல் உள்ளே வந்துவிடும். மீனவர்களின் இந்தச் சொல்லை 2012-ல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்டது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துச் சென்றது. கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்த நாட்கள் அவை.

ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் கடல் அலை உயரத்தையும் கள்ளக்கடல் எச்சரிக்கையையும் இணையத்தில் வெளியிடுகிறது. வானிலைச் செயலியில் மழை பார்ப்பது போல் இதையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். எச்சரிக்கை இருந்தால் பாறைக்குப் போகாதீர்கள். அவ்வளவுதான்.

எச்சரிக்கை இல்லாத நாளிலும் அலைகள் கூட்டங்கூட்டமாகத்தான் வரும். பத்து நிமிடம் சின்ன அலை, அப்புறம் நான்கைந்து பெரியவை. வந்ததும் ட்ரைபாடை விரிக்காமல் கால் மணி நேரம் தள்ளி நின்று, பெரிய அலை எந்தப் பாறை வரை ஏறுகிறது என்று பாருங்கள். ஈரமாகவோ பாசி படிந்தோ இருக்கும் பாறை, அலை வந்து போகும் பாறை. அதில் நிற்கக் கூடாது. முட்டத்தில் நான் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போன ஒரு பெரியவர் நின்று, "மக்கா, கடலுக்கு முதுகக் காட்டி நிக்காத" என்றார். அன்றிலிருந்து ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கேமராவுக்குப் பின்னால் கடலைப் பார்த்தபடிதான் நிற்கிறேன். தனியாகவும் போவதில்லை.

ஒருவேளை அலை ட்ரைபாடைத் தள்ளினால் அதைப் பிடிக்கப் பாயாதீர்கள். கேமரா போகட்டும்.

சின்னச் சின்னத் தவறுகள்

மணலில் ட்ரைபாடை மேலோட்டமாக வைத்தால், ஒவ்வொரு அலையும் காலடி மணலை அரிக்கும், படம் மங்கும். மூன்று கால்களையும் விரித்து, இனி இறங்காது என்னும் வரை அழுத்திப் புதையுங்கள். நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். அலை வந்து காலைச் சுற்றி ஓடும்போது திறப்பதைத் தவிர்த்து, அது போனபின் திறங்கள்.

கறுப்பு ஃபில்டரை மாட்டியபின் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும். முதலில் ஃபோகஸ் செய்து, அதை மேனுவலுக்கு மாற்றி, அப்புறம் ஃபில்டரை மாட்டுங்கள். ட்ரைபாடில் இருக்கும்போது லென்ஸின் ஆட்டத் தடுப்பை அணைத்துவிடுவது நல்லது. டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் கண் வைத்துப் பார்க்கும் துளையை மூடிவிட வேண்டும். பின்னால் இருந்து வரும் வெயில் அதன் வழியே நுழைந்து படத்தில் வெளிறிய பட்டை போடும். மிரர்லெஸ் கேமராவில் இந்தத் தொல்லை இல்லை.

ஷட்டர் திறந்திருக்கும் நேரம் போதவில்லை என்று அபர்ச்சரை எஃப் 22 வரை மூடுபவர்களைப் பார்க்கிறேன். அவ்வளவு சின்னத் துளையில் ஒளி சிதறிப் படம் முழுவதும் கூர்மை இழக்கும், சென்சாரில் உள்ள தூசியெல்லாம் வானத்தில் புள்ளியாகத் தெரியும். எஃப் 8, எஃப் 11-லேயே நின்று ஃபில்டரை மாற்றுங்கள். படத்தில் விழும் புள்ளிகளைக் குறைக்கும் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன் என்ற வசதி இயங்கினால் நான்கு நிமிடப் படத்துக்குப்பின் இன்னொரு நான்கு நிமிடம் கேமரா எதற்கும் அசையாது. நமக்கு இருப்பதோ 22 நிமிடம். நான் அணைத்தே வைக்கிறேன்.

வானத்துக்கும் கடலுக்கும் வெளிச்சம் ஒத்துப்போகாமல் வானம் வெளுப்பது பழைய சிக்கல். 1850-களில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே வானத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என்று இரண்டு நெகட்டிவ் எடுத்து ஒரே படமாக அச்சிட்டிருக்கிறார். இன்று மேல்பாதி மட்டும் கறுத்த கிராஜுவேட்டட் ஃபில்டர் இருக்கிறது. அது இல்லாவிட்டால் வானத்துக்காக ஒன்றும் கடலுக்காக ஒன்றுமாக எடுத்து, பிறகு சேர்க்கலாம். நேர்மையாகச் செய்தால் இதில் தவறேதும் இல்லை.

ஏசி அறையிலிருந்து நேராகக் கரைக்குப் போவது

எந்த வெளிநாட்டு வீடியோவும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. இரவு முழுக்க ஏசியில் குளிர்ந்த லென்ஸை விடிகாலைக் கடற்கரையின் வெக்கையில் திறந்தால் உடனே பனி படியும். துடைத்தால் மறுபடி படியும். ஒரு ராமேஸ்வரம் பயணத்தில் அப்படித்தான் அந்த 22 நிமிடத்தையும் இழந்தேன். இப்போதெல்லாம் விடுதியில் பையை ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிட்டுத் தூங்குகிறேன். அது முடியாவிட்டால் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்னால் மூடிய பையோடு வெளியே வைக்கலாம். அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது.

கரை நமக்கு மட்டும் சொந்தம் என்று நடப்பது

மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் போன்ற தொல்லியல் துறை இடங்களுக்குள் ட்ரைபாட் வைக்க முன்னனுமதி வேண்டும். வாக்குவாதம் செய்து நேரத்தை வீணாக்காமல், விண்ணப்பித்துவிட்டுப் போங்கள் அல்லது வெளியே கடற்கரையிலிருந்து எடுங்கள். காய வைத்த வலையை மிதிப்பதும், படகில் ஏறி நின்று படம் எடுப்பதும் வேண்டாம். படகை நகர்த்தச் சொல்வது அதைவிட மோசம்.

ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் நம் கிழக்குக் கரையில் முட்டையிட வருகின்றன. குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கிப் போகும் இயல்புள்ளவை. நம் தலைவிளக்கைக் கடல் என்று நினைத்து எதிர்த்திசையில் ஊர்ந்துவிடும். அந்த மாதங்களில் விடியலுக்கு முன் போகிறவர்கள் மங்கலான சிவப்பு விளக்கை மட்டும், அதுவும் தரையைப் பார்த்து வையுங்கள். மணலில் டயர் போன தடம் மாதிரி இரண்டு வரிசைத் தடத்தைக் கண்டால் அதன்மேல் ட்ரைபாடைக் குத்தாதீர்கள். அதன் முடிவில் முட்டைக் குழி இருக்கக்கூடும்.

வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடுவது

உப்பு தூங்காது. லென்ஸில் தெறித்த சாரலைக் காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் படலம் பரவும், மணல் துகள் இருந்தால் கீறலும் விழும். முதலில் ஊதுகுழலால் ஊதி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி, அப்புறம் மைக்ரோஃபைபரால் துடையுங்கள். கேமராவின் உடலையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கடலோர ஊர்களில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது சாதாரணம், சிலிகா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வைத்தால் தப்பிக்கும். ட்ரைபாடின் பூட்டுகளைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி மணலை வெளியேற்றுங்கள். கால்களை மடிக்காமல் ஒரு நாள் நிழலில் காய வையுங்கள்.