சொல் விடுகதையை ஃப்ரெண்ட்ஸோட உக்காந்து அவிழ்க்கிறது எப்படி? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ஸ்டெப் பை ஸ்டெப்

முதல்ல ஒண்ணு போட்டுடறேன், படிச்சிட்டு ஒரு நிமிஷம் யோசிங்க.

மூணெழுத்து. முதல் எழுத்து போனா மண்ணுல போடலாம், நடு எழுத்து போனா பாட்டி சொல்லுவாங்க, கடைசி எழுத்து போனா எழுதினவரே வந்து நிப்பாரு. என்னது?

விடை கவிதை. விதை, கதை, கவி, மூணும் அதுக்குள்ளயே இருக்கு. இது ரொம்பப் பேருக்குத் தெரிஞ்ச சொல்லுதான், ஆனா முதல் தடவை கேக்கறப்ப நிறைய பேர் "மண்ணுல போடறதுன்னா உரமா, பாட்டி சொல்றதுன்னா அறிவுரையா"ன்னு அர்த்தத்துக்குப் பின்னாடியே ஓடிட்டு இருப்பாங்க. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் ஓடினேன். கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல தங்கி வேலை பாத்த காலத்துல எங்க ரூம்ல மூணு பேரு, தஞ்சாவூர் அக்கா ஒருத்தங்க, திருநெல்வேலிப் பொண்ணு ஒருத்தி, அப்புறம் நான், கரண்ட் போச்சுன்னா வேற வழியில்லாம விடுகதை போட ஆரம்பிச்சு அது அப்படியே தினமும் ராத்திரி சாப்பிட்ட பிறகு நடக்கிற விஷயமா ஆயிடுச்சு. அங்க கத்துக்கிட்டதைத்தான் இங்க வரிசையா எழுதறேன்.

ஸ்டெப் 1: ஆள், பேப்பர், பேனா

3 பேர்லேர்ந்து 5 பேர் வரைக்கும் சரியா இருக்கும். அதுக்கு மேல போனா சத்தம் போடறவங்க குரல்தான் கேக்கும், அமைதியா யோசிக்கிறவங்க ஒதுங்கிடுவாங்க. முடிஞ்சா வேற வேற ஊர்க்காரங்களா, வேற வேற வேலை பாக்கறவங்களா இருக்கட்டும், ஏன்னு கீழ ஸ்டெப் 4-ல பாப்பீங்க. இந்த விளையாட்டுக்கே ஊருக்கு ஒரு பேரு இருக்கு, விடுகதைன்னு சொல்றாங்க, அழிப்பாங்கதைன்னு சொல்றாங்க, ஈழத்துல நொடின்னு சொல்லுவாங்க.

பேப்பர் கட்டாயம் வேணும். காதுல கேட்ட விடுகதையை எழுத்தா பாக்கறப்பதான் பாதி முடிச்சு அவிழும். ஒருத்தர் எழுதணும், மத்தவங்க தோணினதையெல்லாம் சத்தமா சொல்லணும், தப்பா இருந்தாலும் சொல்லணும், "சே இது இருக்காது"ன்னு மனசுக்குள்ளயே அடிச்சிடக் கூடாது.

ஸ்டெப் 2: இது எந்த மாதிரி விடுகதைன்னு பாருங்க

தொல்காப்பியத்துல விடுகதைக்குப் பேரு பிசி. செய்யுளியல்ல அதை ரெண்டு வகையா பிரிச்சிருக்காங்க, ஒண்ணு உவமையை வச்சு சொல்றது, இன்னொண்ணு ஒரு விஷயத்தைச் சொல்லி அதுலேர்ந்து வேற விஷயம் தோண வைக்கிறது. ஆயிரம் தச்சர் கூடிக் கட்டின மண்டபம்னு சொல்லிட்டு தேன்கூடுன்னு முடிப்பாங்களே, அது முதல் வகை. அதுக்கு கண்ணை மூடிப் படமா கற்பனை பண்ணினாலே போதும்.

இந்தப் பதிவுல நாம பாக்கப் போறது அதுக்கு அப்பால இருக்கிற சங்கதி, சொல்லோட எழுத்துக்குள்ளயும் சத்தத்துக்குள்ளயும் ஒளிச்சு வைக்கிறது. இதுக்கு கற்பனை அவ்வளவா உதவாது. எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறதுன்னா, விடுகதையில "எழுத்து"ன்னு வந்தா சந்தேகமே வேண்டாம். தலை, வயிறு, வால், கால், கொம்புன்னு உடம்பு உறுப்பு வந்தாலும் தொண்ணூறு சதவீதம் அது எழுத்து விளையாட்டுதான். தலைன்னா முதல் எழுத்து, வயிறு இல்ல இடுப்புன்னா நடு எழுத்து, வால்னா கடைசி.

ஸ்டெப் 3: எழுத்தை சரியா எண்ணுங்க

புதுசா வர்றவங்க அதிகமா தப்பு பண்றது இங்கதான். புள்ளி வச்ச எழுத்தும் ஒரு எழுத்து. பந்தல்னா ப, ந், த, ல், மொத்தம் 4. அதே மாதிரி கொ, போ, தை எல்லாம் ஒத்தை எழுத்துதான், பாக்க ரெண்டு மூணு துண்டா இருக்குன்னு தனித்தனியா எண்ணக் கூடாது.

இன்னொரு விதியும் ஞாபகம் வச்சுக்கோங்க, இது பள்ளிக்கூடத்துல மொழி முதல் எழுத்து, மொழி இறுதி எழுத்துன்னு மனப்பாடம் பண்ணிட்டு மறந்து போன பாடம்தான், ஆனா விடுகதைக்கு இதை விட நல்ல ஆயுதம் கிடையாது. தமிழ்ல மொத்தம் 247 எழுத்து, அதுல எந்தச் சொல்லும் புள்ளி வச்ச எழுத்துல ஆரம்பிக்காது, ண, ழ, ள, ற, ன வரிசையிலயும் ஆரம்பிக்காது. அப்ப "தலை போனாலும் மிச்சம் ஒரு சொல்லு"ன்னு விடுகதை சொல்லுச்சுன்னா ரெண்டாவது எழுத்து இந்த ஆளுங்க யாரும் கிடையாதுன்னு உடனே அடிச்சிடலாம். க், ச், ட், த், ப், ற் ஆறும் தமிழ்ச் சொல்லோட முடிவுல வராது, அதனால "வால் போனா"ன்னு சொன்னா கடைசிக்கு முந்தின எழுத்து அந்த ஆறுல ஒண்ணா இருக்காது.

ஸ்டெப் 4: மூணு குறிப்புல எது சுலபமோ அதைப் பிடிங்க

இதை நடந்தபடியே சொல்றேன். அன்னிக்கு போட்ட விடுகதை இது:

நாலெழுத்துக்காரன், ராஜா பக்கத்துலயே நிப்பான். தலை போனா நிழல் தருவான், ரெண்டாவது போனா கொத்தனாரைச் சுமப்பான், மூணாவது போனா ஊரே தூங்கும்.

எல்லாரும் முதல்ல ராஜாவைத்தான் பிடிச்சோம். மந்திரி, சேவகன், சிப்பாய்னு அரை மணி நேரம் போச்சு, ஒண்ணும் வரல. அப்பதான் திருநெல்வேலிப் பொண்ணு கேட்டா, "ஏக்கா, ராஜாவை விடுங்க, நிழல்னா மரம்லா?"

நான் எழுதினேன். நிழல் தர்றது மரம், குடை, பந்தல். தலையை எடுத்த பிறகு மிச்சம் 3 எழுத்து இருக்கணும். குடை 2 எழுத்து, அடிச்சாச்சு. பந்தல் 4, அடிச்சாச்சு. மரம் சரியா 3. அப்ப விடை ஏதோ ஒரு எழுத்து, பக்கத்துல மரம். பேப்பர்ல ஒரு கோடு போட்டு ம, ர, ம்னு எழுதினேன்.

ரெண்டாவது எழுத்தை எடுத்தா மிச்சம் அந்தத் தெரியாத எழுத்தும் ரம்மும். கொத்தனாரைச் சுமக்கிறது, ரம்னு முடியணும். நாங்க ரெண்டு பேரும் ஏணி, பலகைன்னு முழிச்சிட்டு இருக்கோம், தஞ்சாவூர் அக்கா படுத்துட்டே சொன்னாங்க, "எங்க வீட்டுக்கு மாடி எடுக்கறப்ப மூங்கில்ல கட்டினாங்களேடி, சாரம்." அவ்வளவுதான், முதல் எழுத்து சா, விடை சாமரம். மூணாவது எழுத்தை எடுத்துப் பாத்தா சாமம், ஊரே தூங்குற நேரம். ராஜா பக்கத்துல நின்னு வீசறது சாமரம்தானே!

இதுல கவனிக்க வேண்டியது, பெரிய குறிப்பா முன்னாடி நிக்கிறது நம்மளை இழுத்துட்டுப் போறதுக்காகவே வச்சது. சின்ன குறிப்புல ஒரு எழுத்து கிடைச்சாலும் மத்ததெல்லாம் தானா விழும். வீடு கட்டறதை பக்கத்துல நின்னு பாத்த ஒருத்தங்க இல்லாம சாரம்ங்கிற சொல் எங்களுக்கு அன்னிக்கு வந்திருக்காது, வேற வேற ஆளுங்களை சேத்துக்கோங்கன்னு சொன்னது இதுக்குத்தான்.

ஸ்டெப் 5: காலும் கொம்பும்

எனக்கு இருக்கிறதுலயே ரொம்பப் பிடிச்சது இந்த வகை. தமிழ் எழுத்துல ஆ வரிசைக்கு பக்கத்துல போடறோமே, அதுக்குப் பேரு துணைக்கால். எ வரிசைக்கு ஒற்றைக்கொம்பு, ஏ வரிசைக்கு இரட்டைக்கொம்பு. பேரே இப்படி இருக்கறப்ப விடுகதை போடறவங்க விடுவாங்களா?

மலைக்கு கால் முளைச்சா கழுத்துல ஏறிக்கும், மாலை. பல்லுக்கு கால் முளைச்சா டம்ளர்ல ஊத்தலாம், பால். இது சின்னப் பசங்களுக்கே போடலாம், அஞ்சாவது படிக்கிற பிள்ளைங்க நம்மளை விட வேகமா சொல்லிடுவாங்க.

கொஞ்சம் கஷ்டமானது இது:

ஊர் ஓரத்துல ஒரு பட்டி. கால் முளைச்சா வெத்தலை இடிக்கும். ஒத்தைக் கொம்பு முளைச்சா துணி மடிச்சு வைக்கலாம். ரெட்டைக் கொம்பு முளைச்சா நிருபர் எடுப்பாரு. ரெட்டைக் கொம்பும் காலும் சேர்ந்து முளைச்சா ஜெயிக்கணும் இல்லனா தோக்கணும்.

பட்டின்னா ஆடு மாடு அடைக்கிற இடம், அதனால கால், கொம்புன்னு கேட்டதும் மனசு நேரா மாட்டுக்குப் போயிடும், வெத்தலை இடிக்கிற மாடு எங்க இருக்குன்னு தேடிட்டு இருப்போம். பேப்பர்ல பட்டின்னு எழுதி ப பக்கத்துல ஒரு கால் போட்டுப் பாருங்க, பாட்டி வந்துடுவாங்க. ஒத்தைக் கொம்பு போட்டா பெட்டி, ரெட்டைக் கொம்புக்கு பேட்டி, ரெண்டும் சேர்ந்தா போட்டி. ஒரே ஒரு எழுத்துக்கு அலங்காரம் மாத்தி மாத்திப் போட்டதுல நாலு சொல்லு! இதை முதல் தடவை எழுதிப் பாத்த அன்னிக்கு எனக்கு தூக்கமே வரல, நம்ம எழுத்து இவ்வளவு அழகான்னு திரும்பத் திரும்ப எழுதிப் பாத்துட்டே இருந்தேன்.

பேப்பர் கையில இல்லனா போன்ல நோட்ஸ் திறந்துக்கோங்க. பாட்டின்னு டைப் பண்ணி பா-வுக்கு அப்புறம் கர்சரை வச்சு ஒரு தடவை பேக்ஸ்பேஸ் அடிச்சா பெரும்பாலான கீபோர்டுல கால் மட்டும் கழண்டு பட்டி ஆயிடும்.

ஸ்டெப் 6: பிச்சும் படிங்க, வாய் விட்டும் படிங்க

எழுத்தை எடுக்கிற வேலையே இல்லாம சொல்லைப் பிரிச்சா அர்த்தம் மாறுற வகை ஒண்ணு இருக்கு. ஓடாத மான் எது, அந்தமான். இது பழசு. பலகையைப் பிரிச்சா பல கை, தாமரையைப் பிரிச்சா தா மரை, மரைன்னா ஒரு வகை மான். அதே மாதிரி ஒரே சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் இருந்தா அதை வச்சும் மடக்குவாங்க. நாங்க உருவாக்கினது ஒண்ணு சொல்றேன்: ஏழு எவ்வளவு எம்பினாலும் முடியாது, ஒண்ணு கூட சேர்ந்தா முடியும், என்ன? எட்டும்! ஏழும் ஒண்ணும் எட்டு, எம்பினா எட்டும்.

இந்த வித்தையில நமக்கெல்லாம் பெரியவர் 15ஆம் நூற்றாண்டுல இருந்த காளமேகப் புலவர். பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவுல வச்சு "நஞ்சிருக்கும் தோலுரிக்கும்"னு ஆரம்பிப்பாரு. தோலுரிக்கிறது ரெண்டுக்கும் சரி, வாழைப்பழத்துல எங்க நஞ்சு இருக்குன்னு கண்ணால படிச்சா மாட்டிக்குவோம். வாயால சொல்லிப் பாருங்க, கனிஞ்ச பழம் நைஞ்சு போய் இருக்கும்ல, அந்த நைஞ்சுதான் பேச்சுல நஞ்சு. அதனால பேப்பர்ல பாத்து வரலைனா ஒருத்தர் விடுகதையை மெதுவா சத்தமா படிக்கணும், இன்னொருத்தர் கண்ணை மூடிக் கேக்கணும்.

இங்க ஒரு தகராறு வரும், முன்னாடியே பேசி வச்சுக்கோங்க. ர, ற ஒண்ணா? ல, ள, ழ ஒண்ணா? ஒரு தடவை "இரும்பைத் தேய்க்கும், குறள்ல முதல் பாலா நிக்கும்"னு ஒரு ஃப்ரெண்ட் போட்டா. விடை அரம்னு சொன்னா. குறள்ல இருக்கிறது அறம், எழுத்தே வேறன்னு நான் ஒத்துக்கவே இல்ல, சண்டை முத்தி ரெண்டு நாள் பேசிக்கல, எனக்கு அது இன்னிக்கும் வருத்தம்தான். அதுக்கப்புறம் ஒரு விதி வச்சோம், எழுத்தை எடுக்கிற, சேக்கிற விடுகதைன்னா எழுத்து சுத்தமா இருக்கணும், சத்தத்தை வச்சுப் போடறதா இருந்தா "இது காதுக்கு"ன்னு முன்னாடியே சொல்லிடணும்.

ஸ்டெப் 7: விடை தெரிஞ்சவங்க என்ன பண்ணணும்

பட்டுன்னு சொல்லிடாதீங்க, மத்தவங்க சந்தோஷம் போயிடும். தெரிஞ்சவங்க அதே விடைக்கு புதுசா ஒரு குறிப்பு உருவாக்கி சொல்லணும்னு வச்சுக்கோங்க. சாமரத்துக்கு "யாக் மாட்டோட முடியில செய்வாங்க"ன்னு சொல்லலாம். பத்து நிமிஷம் ஒருத்தருக்கும் வரலைனா ஒரு எழுத்து மட்டும் காட்டுங்க, அதுவும் நடு எழுத்து. முதல் எழுத்தைக் காட்டினா உடனே முடிஞ்சிடும்.

ஸ்டெப் 8: சொந்தமா ஒண்ணு உருவாக்குங்க

அவிழ்க்கிறதை வேகமா கத்துக்கணும்னா முடிச்சுப் போட்டுப் பழகணும். விடையிலேர்ந்து பின்னாடி வாங்க. பஸ்ல போறப்ப போர்டுல இருக்கிற ஏதாவது ஒரு 4 எழுத்துச் சொல்லை எடுத்து ஒவ்வொரு எழுத்தா மறைச்சுப் பாருங்க. வாகனம். தலையை மறைச்சா கனம், ரெண்டாவதை மறைச்சா வானம், மூணாவதை மறைச்சா வாகம், அது ஆகாது, விட்டுடுங்க. ரெண்டு கிடைச்சாலே விடுகதை ரெடி. நகரம்னு எடுத்தா தலை போனா கரம், மூணாவது போனா நகம், ஒண்ணு கை, இன்னொண்ணு அந்தக் கையிலயே இருக்கிறது! போதாததுக்கு ந-ங்கிற எழுத்தைச் சொல்றதே நகரம்னுதான், அதனால "என் முதல் எழுத்தோட பேரும் நான்தான்"னு ஒரு வரி சேத்துக்கலாம்.

இன்னிக்கு ராத்திரி உங்க கூட்டத்துல போட்டுப் பாக்க மூணு தர்றேன். ரெண்டு 3 எழுத்து, ஒண்ணு 2 எழுத்து.

பந்தல் போட்டு கொடி கட்டி கூட்டுவாங்க, தலை போனா எல்லை இருக்கும், நடு போனா கொம்பு இருக்கும்.

அஞ்சைத் தாண்டினா வரும், மழை பெஞ்சா ஓடும், காப்பி ரொம்ப சூடா இருந்தா அதுக்கு நாம சொல்ற வேலையும் அதுதான்.

முன்னாடி இருந்து போனாலும் பின்னாடி இருந்து வந்தாலும் அதே ஊருதான், காவேரி அங்கதான் பிறக்குது.