பழைய மாருதி 800: வயரிங் பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

பல்பும் ஃபியூஸும் நன்றாக இருந்தும் ஹெட்லைட் மங்கலாக எரிந்தால், அல்லது இண்டிகேட்டர் போடும்போது பின்பக்கச் சிவப்பு விளக்கும் சேர்ந்து சிமிட்டினால், கார்பரேட்டர் காலத்து மாருதி 800-இல் முதலில் சந்தேகிக்க வேண்டியது எர்த் இணைப்பைத்தான். பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு இணைந்திருப்பதால், ஒவ்வொரு விளக்கிலிருந்தும் கரண்ட் பாடியின் தகடு வழியாகவே பேட்டரிக்குத் திரும்புகிறது. அந்த வழியில் துருவோ களிம்போ அடைத்துக்கொண்டால், கரண்ட் பக்கத்து பல்பின் இழை வழியாகச் சுற்றிக்கொண்டு போகும்; சம்பந்தமில்லாத விளக்கு சிமிட்டுவதற்கு அதுவே காரணம். டிங்கரிங், பெயின்டிங் முடித்து வந்த வண்டிகளில் எர்த் போல்ட்டின் அடியிலும் பெயின்ட் அடித்துவிடுவதால் இந்தத் தொல்லை அதிகம்.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியைப் பார்த்துவிட வேண்டும். இன்ஜின் நின்று சில மணி நேரம் ஆனபின் 12.6 வோல்ட் அளவிலும், இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரையிலும் இருந்தால் பேட்டரியையும் அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் விட்டுவிட்டு வயரிங்குக்கு வரலாம்.

வயரைக் கழற்றி மல்டிமீட்டரில் 'பீப்' சத்தம் கேட்டுவிட்டு வயர் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்வது பலரிடமும் உள்ள பழக்கம். ஆனால் அது பாதிச் சோதனைதான். மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய கரண்ட் என்பதால், இருபது இழைகளில் ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கும் வயரிலும் பீப் அடிக்கும். 55 வாட் பல்ப் இழுக்கும் நாலரை ஆம்பியர் கரண்ட் அதே வயரில் ஓடும்போதுதான் அதன் உண்மை நிலை தெரியும். ஆகவே விளக்கை எரியவிட்டே அளக்க வேண்டும்.

மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கருப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் சிவப்பு முனையை ஹெட்லைட் கனெக்டரின் எர்த் பின்னிலும் தொடுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் சரியாக உள்ளது. ஒரு வோல்ட் காட்டினால், சிவப்பு முனையை எர்த் வயரின் லக் (வயர் நுனியிலுள்ள உலோக வளையம்), அதைப் பிடித்திருக்கும் போல்ட், போல்ட்டை ஒட்டிய வெறும் தகடு என்று படிப்படியாக நகர்த்துங்கள்; எந்த இரு இடங்களுக்கு நடுவே அளவு சட்டென்று குறைகிறதோ அங்கேதான் பழுது இருக்கிறது. தகட்டிலும் ஒரு வோல்ட் நின்றால், பேட்டரியிலிருந்து பாடிக்கு வரும் கேபிளைப் பார்க்க வேண்டும். பல்புக்குப் போகும் மின்னழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்துவிடும் என்பதால் ஒரு வோல்ட்டை அலட்சியப்படுத்த முடியாது.

இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள எர்த் பட்டை அறுந்திருந்தால் செல்ஃப் மெதுவாகச் சுற்றும். சில வேளைகளில் அந்தப் பெரிய கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பி, கேபிளையே சூடாக்கிவிடும்.

எர்த் போல்ட்டைக் கழற்றி, தகட்டையும் லக்கையும் உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கிய பின் மேலே வாசலின் பூச வேண்டும். உறைக்குள் செம்பு பச்சை பூத்திருந்தால் பளபளப்பான இழை வரும்வரை பின்னோக்கி வெட்டி, அதே கனமுள்ள வாகன வயரை இணைத்து, சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு இன்ஜின் சூட்டில் பசை இளகி அவிழ்ந்துவிடும். ஒரு மழைக்காலம் தாங்கினாலே பெரிது.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் அது வேறு கதை. எங்கோ வயர் உரசி பாடியைத் தொடுகிறது. சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றி ஓட்டுவது வயரிங் முழுவதையும் கொளுத்திவிடும். ஃபியூஸைக் கழற்றி, அது செருகியிருந்த இடத்தின் இரு முனைகளுக்கும் நடுவே 21 வாட் பல்ப் ஒன்றை இணைத்து, அந்தச் சர்க்யூட்டிலுள்ள பல்புகளையும் கனெக்டர்களையும் கழற்றிவிடுங்கள். ஷார்ட் இருக்கும்வரை சோதனை பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், ஃபியூஸோ வயரோ எரியாது. பிறகு வயர்க்கட்டை அங்கங்கே அசைத்துப் பார்க்க வேண்டும். குறிப்பாக, டேஷ்போர்டிலிருந்து இன்ஜின் அறைக்குப் போகும் துளையின் ரப்பர் வளையம், சீட் தண்டவாளத்தின் அடி, எலி கடிக்கும் மூலைகள் ஆகியவற்றில் கை வைக்கும்போது பல்ப் அணைந்தால் இடம் கிடைத்துவிட்டது. கார்பரேட்டருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ வண்டியில் கம்ப்யூட்டருக்குப் போகும் வயர்களில் மட்டும் இந்த பல்ப் வேலை வேண்டாம்.

இரவோடு இரவாகப் பேட்டரி இறங்குகிறதென்றால், சாவியை எடுத்துக் கதவுகளை மூடி, நெகட்டிவ் கேபிளுக்கும் கம்பத்துக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் இணைத்துப் பாருங்கள். இந்த நிலையில் செல்ஃப் அடித்தால் மீட்டர் கருகிவிடும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியதுதான். என் சந்தேகம் முதலில் போவது, வாங்கிய பின் யாரோ பொருத்திய ஸ்டீரியோ, சென்ட்ரல் லாக் ஆகியவற்றின் மேல்தான்.