கொதிக்க வைத்தால் சரியாகிவிடுமா? மீன் தொட்டிக்கு டிரிஃப்ட்வுட் எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு கடலூர் தேவனாம்பட்டினத்தில் சில்வர் பீச் ஓரமாக நடந்தால், மணலில் மரத்துண்டுகள் ஆங்காங்கே கிடக்கும். இவற்றைத்தான் டிரிஃப்ட்வுட் என்பார்கள். கெடிலமும் தென்பெண்ணையும் வெள்ளத்தில் இழுத்து வந்து கடலில் தள்ளியவை, கடல் திரும்பக் கரையில் போட்டவை. அலையில் உருண்டு உருண்டு வழவழப்பாகி, பார்க்கவே ஆசையாக இருக்கும். மீன் தொட்டி அலங்காரத்துக்கென்று கடையில் எடை போட்டு விற்கும் பொருள் காலடியில் சும்மா கிடந்தால் யார்தான் விடுவார்?

நானும் விடவில்லை. முழங்கை நீளத்துக்கு ஒரு துண்டை எடுத்து வந்து மூன்று நாள் கொதிக்க வைத்து, இரண்டு வாரம் ஊற வைத்து, செடி வளர்க்கும் மீன் தொட்டியில் இறக்கினேன். இரண்டே நாளில் அதிலிருந்த செர்ரி இறால்கள் (அழகுக்காக வளர்க்கும் குட்டிச் சிவப்பு இறால்கள்) ஒவ்வொன்றாகச் செத்து விழுந்தன. மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மீன் தப்பித்து இறால் மட்டும் போனால் முதலில் செம்பைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கட்டையை வெளியே எடுத்துப் பிளந்து பார்த்தேன். உள்ளே பச்சை பூத்த செப்பாணி ஒன்று, வெடிப்புக்குள் கொஞ்சம் நீலப் பெயிண்ட். கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் காட்டியபோது அவர் சிரித்துவிட்டார். “படகுப் பலகை தம்பி இது. இதைப் போய் மீன் தொட்டியில போட்டியா?”

கொதிக்க வைப்பதைப் பற்றி நம்மிடம் இருக்கும் நம்பிக்கை கொஞ்சம் அதிகம். கொதி நீர் புழு பூச்சியையும் கிருமிகளையும் பெரும்பாலும் கொல்லும், கட்டைக்குள் இருக்கும் துவர்ப்புச் சாயத்தைக் கொஞ்சம் வெளியேற்றும், கட்டை சீக்கிரம் தண்ணீர் குடித்து மூழ்க உதவும். அவ்வளவுதான் அதன் வேலை. பெயிண்ட், எண்ணெய், உலோகம், ஊறிப்போன ரசாயனம் எதையும் நம்பும் அளவுக்கு எடுக்காது. அதனால் பெரிய தவறுகள் அடுப்படியில் நடப்பதில்லை. கட்டையைக் கையில் எடுக்கும் இடத்திலேயே நடந்துவிடுகின்றன.

படகுப் பலகையைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஒரு பக்கமாவது அறுத்த மாதிரி தட்டையாக இருக்கும், ஆணித் துளை இருக்கும், வெயிலில் வைத்தால் எண்ணெய் வாசம் வரும். படகின் அடிப்பகுதியில் பூசும் பெயிண்டில் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க நஞ்சு சேர்ப்பார்கள், பெரும்பாலும் செம்பு. அப்படி ஒரு துண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி ஓடும் உப்பனாற்றங்கரைக் கட்டையையும் நான் தொடுவதில்லை. எந்தத் தண்ணீரில் எத்தனை நாள் ஊறியதோ, யாருக்குத் தெரியும்.

பிச்சாவரம் போய் வருபவர்களுக்கு அங்கே கிடக்கும் வேர்களைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். அது காப்புக்காடு; காய்ந்த குச்சியாக இருந்தாலும் அனுமதியில்லாமல் எடுப்பது குற்றம். இன்னொன்று, சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த தில்லை மரம் அந்தச் சதுப்புநிலத்தில்தான் வளர்கிறது. அதன் பால் தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. காய்ந்து கிடக்கும் கட்டை தில்லையா வேறா என்று பார்த்துச் சொல்ல நம்மில் எத்தனை பேரால் முடியும்?

பால் வடியும் மரம் எதுவுமே எனக்கு ஆகாது. கள்ளி, அரளி பற்றிச் சொல்லவே தேவையில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரி வேர்க்கட்டை சுலபமாகக் கிடைக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது தோப்பு தோப்பாகச் சாய்ந்த மரம் அது. முறுக்கிக்கொண்டு பிரமாதமாக இருக்கும். ஆனால் முந்திரிக்கொட்டை உடைப்பவர்களின், தோட்டு எண்ணெய் பட்டுப் புண்ணான விரல்களை ஒருமுறை பார்த்தவனுக்கு, அந்த மரத்தை மீனோடு சேர்த்து வைக்க மனம் வராது. பலாவின் வைரம் பாய்ந்த நடுக்கட்டை சாயம் எடுக்கும் மரம், தண்ணீர் மஞ்சளாகிக்கொண்டே இருக்கும். வேம்பு பூச்சியை விரட்டும் மரம். இறாலும் ஒருவகையில் பூச்சிக்கு உறவுதான். வீட்டுக் கொல்லையில் காய்ந்து நிற்கும் கொய்யாக் கிளை போதும். கெட்டியானது, கிளை பிரிவதும் அழகு.

காய்ந்து என்பதை அழுத்திச் சொல்கிறேன். பச்சைக் கிளையை வெட்டி அப்படியே தொட்டியில் போட்டால் உள்ளே இருக்கும் சாறு அழுகி, தண்ணீர் கலங்கி நாறும். பட்டையையும் முழுக்க உரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் தானே செதில் செதிலாகக் கழன்று வடிகட்டியை அடைக்கும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் மெத்தென்ற பகுதியை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி எடுங்கள். சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருந்தால் அது அடுப்புக்குத்தான்.

கழுவுவதற்கு சோப்பு, ஃபினைல், பிளீச்சிங் பவுடர் எதுவும் வேண்டாம். மரம் பஞ்சு மாதிரி எல்லாவற்றையும் குடித்து வைத்துக்கொண்டு, பிறகு நிதானமாகத் தொட்டிக்குள் விடும். தேங்காய் நார், பழைய பிரஷ், தண்ணீர், இவ்வளவு போதும்.

இப்போது அடுப்பு. பெரிய அண்டாவில் ஒன்று இரண்டு மணி நேரம் கொதித்தால் போதும். முழுவதும் மூழ்காவிட்டால் திருப்பிப் போட்டு மறுபாதி. குக்கரில் வைக்கவே வைக்காதீர்கள். சிம்பும் தூளும் கிளம்பி ஆவித் துளையை அடைத்தால் குக்கர் வெடிக்கலாம். பாத்திரத்தைத் தனியாக ஒதுக்கிவிடுவது குடும்ப அமைதிக்கும் நல்லது. “இட்லிப் பானையில கட்டையை வேக வைக்கிறவன் ஊர்லயே நீ ஒருத்தன்தான்டா” என்று அம்மா இன்னும் சொல்லிக்காட்டுகிறார். நாள் கணக்கில் கொதிக்க விடுவதும் தவறு, நார் தளர்ந்து கட்டை சீக்கிரம் உளுத்துப்போகும்.

அப்புறம் ஊற வைத்தல். ஆற்றுக் கட்டைக்கு ஒன்றிரண்டு வாரம், கடல் கட்டைக்கு மாதக்கணக்கில். உப்பு போனதா என்று கண்ணால் தெரியாது. தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருந்தால் புதுத் தண்ணீரை அளந்து குறித்துக்கொண்டு, கட்டையைப் போட்டு மறுநாள் அளந்து பாருங்கள். எண் எகிறினால் இன்னும் ஊற வேண்டும். கொஞ்சம் கூடுவது சாயத்தாலும் இருக்கும். டிரம்மைத் திறந்து போட்டால் ஒரு வாரத்தில் கொசுப்புழு நெளியும்; டெங்கு ஆய்வுக்கு வருபவர்கள் உங்கள் கலை ஆர்வத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள். மூடி வையுங்கள், மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள்.

பலர் யோசிக்காத தவறு ஒன்று இருக்கிறது. கட்டை மிதக்கிறதே என்று இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் இறுக்கிச் செருகுவது. மரம் ஊறினால் பருக்கும், கண்ணாடி பருக்காது. நள்ளிரவில் படீரென்று சத்தம் கேட்டு ஓடிவந்தால் தண்ணீர் முழுக்கத் தரையில் இருக்கும். கண்ணாடிக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். மிதந்தால் கடப்பாக்கல் துண்டில் துருப்பிடிக்காத ஸ்டீல் திருகாணி போட்டு முடுக்கி, கல்லை மண்ணுக்குள் புதைத்துவிடலாம்.

எல்லாம் முடிந்து தொட்டியில் வைத்தபின் தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறமானால் பயப்பட வேண்டாம். அது நாட்டு பாதாம் இலையைப் போட்டாலும் வரும் நிறம்தான், மீனுக்குக் கெடுதல் இல்லை. செடிக்கு வெளிச்சம் கொஞ்சம் குறையும். தண்ணீர் மாற்ற மாற்றத் தெளியும். அவசரமென்றால் வடிகட்டியில் ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். ஒரு வாரத்தில் கட்டை மேல் வெள்ளையாகச் சளி மாதிரி படரும். இதைப் பார்த்துத்தான் பலர் கட்டையைத் தூக்கி எறிகிறார்கள், அல்லது பூஞ்சைக்கு மருந்து ஊற்றி இறாலைக் கொல்கிறார்கள். மரத்தில் மிச்சமிருக்கும் சத்தைத் தின்ன வந்த பூஞ்சையும் பாக்டீரியாவும்தான் அது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து உறிஞ்சி எடுக்கலாம், அல்லது நத்தைக்கும் இறாலுக்கும் விட்டுவிடலாம். சில வாரங்களில் தின்று தீர்த்துவிடும். கட்டையில் ஒட்டி வளர்க்கும் அனுபியாஸ் செடியை ஒட்டுவதானால் அதற்குப் பிறகு ஒட்டுங்கள், சளி படிந்த மரத்தில் பசை பிடிக்காது.