உளுந்து வெளுத்தால் யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள்

உளுந்து குட்டையாக நின்று இலை வெளுத்தால் முதலில் கை போவது யூரியாவுக்குத்தான். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு பாய்ந்த நிலமென்றால் கொஞ்சம் பொறுங்கள்.

பூக்கும் சமயத்தில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுங்கள். பிடுங்கினால் வேர் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். வேரை அலசி, ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது காற்றுத் தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. தண்ணீர் தேங்கினாலும் இப்படி ஆகும் என்றாலும், கழிவில் வரும் குரோமியம், காட்மியம் போன்ற உலோகங்கள், முடிச்சுக்குள் இருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியாவையும் வேரையும் கெடுத்திருக்கலாம். இதில் யூரியாவைக் கொட்டினால் இலை பச்சையாகும், முடிச்சு இன்னும் குறையும்.

சரி, மண் பரிசோதனை அட்டைதான் இருக்கிறதே என்பார்கள். அதில் வரும் 12 அளவுகளில் துத்தநாகமும் தாமிரமும் உண்டு; அவையும் பற்றாக்குறையைப் பார்க்கத்தான். குரோமியம், காட்மியம், ஈயம் கிடையாது. தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

விதையில் ரைசோபியம் கலந்தாயிற்று என்று நிம்மதியாக இருப்பது அடுத்த தவறு. இங்கிலாந்தின் வோபர்ன் பரிசோதனைப் பண்ணையில் 1942 முதல் 1961 வரை உலோகம் கலந்த சாக்கடைக் கழிவுச்சேறு போட்டார்கள். நிறுத்தி 20 ஆண்டுகளுக்குப் பிறகும், பயறு குடும்பத்து வெள்ளைக் குளோவரின் முடிச்சுகளில் தழைச்சத்தைப் பிடிக்கத் தெரியாத ரைசோபியம்தான் மிஞ்சியிருந்தது. மண்ணைச் சரிசெய்யாமல் பொட்டலத்தை மட்டும் நம்பி என்ன பயன்? 'இலவச உரம்' என்று யாராவது ஆலைச் சேற்றை லாரியில் கொண்டுவந்தாலும் வாங்காதீர்கள். உலோகம் மக்கிப் போகாது.

சுண்ணாம்பிலும் கவனம் வேண்டும். புளிப்பு மண்ணில் காட்மியத்தை அது கட்டிப்போடும். ஆனால் ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலை விட்டுப்போன, லட்சம் டன்னுக்கு மேலான கழிவில் இருப்பது போன்ற ஆறு இணைதிறன் குரோமியம் (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்) கார மண்ணில்தான் சுலபமாக நகரும். அங்கே சுண்ணாம்பைவிட நன்றாக மக்கிய தொழு உரம் மேல். அது அந்தக் குரோமியத்தை அவ்வளவாகக் கரையாத மூன்று இணைதிறன் வடிவத்துக்கு மாற்ற உதவும்.

அப்புறம் கொடி. பொதுவாக உலோகம் அதிகம் தங்குவது வேரில்தான், அடுத்து தழையில், பருப்பில் குறைவு. பருப்பு சோதனையில் தேறிவிட்டது என்று கொடியை மாட்டுக்குப் போடுகிறார்கள். தழையையும் தனியாகச் சோதித்த பிறகு போடுங்கள்.